முதலில் ஒரு பல்

செந்தில்,

சாயங்காலம் குடும்பக் குழுவில் நீ போட்ட செய்தியைப் படித்தேன். ஜெர்மனிக்குக் கிளம்புகிற பிள்ளையின் வாயில் அப்பா ஒரு இரும்புப் பல்லை மாட்டி வைத்திருக்கிறார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இதற்கு அவர் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். கீழே சிவப்பாக ஒரு கோப முகம். அதைப் பார்த்து உன் அத்தை அழுகிற முகம் போட்டாள். உன் சித்தப்பா கும்பிடு போட்டான். உன் அம்மா, என் பக்கத்தில் அதே சோபாவில் உட்கார்ந்து என்னைப் பட்டாணி உரிக்க வைத்துக்கொண்டே, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ரொம்ப சந்தோஷம். பதில்தானே கேட்டாய், இந்தா பிடி. நீ எல்லார் முன்னாலும் கேட்டதால் நானும் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். மன்னிப்பு எந்த வரியில் வருகிறது என்று தேடிக்கொண்டு வேகமாகப் படிக்காதே. அது வராது. ஆற அமர உட்கார்ந்து முழுதாகப் படி.

நடந்தது தெரியாதவர்களும் குழுவில் இருப்பதால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். உன் மகள் இனியாவுக்கு ஐந்து வயது. பின்பக்கப் பால்பற்களில் நான்கு சொத்தை. நீயும் சுகன்யாவும் அவளைக் கூட்டிக்கொண்டு இந்த மாதக் கடைசியில் ஜெர்மனிக்குக் குடிபோகிறீர்கள். போன இடத்தில் குழந்தை பல்வலி என்று அழுதால் யாரைத் தேடுவது, அதனால் கிளம்புவதற்குள் நான்கையும் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாய். அந்த நினைப்பில் ஒரு தப்பும் இல்லை. சொத்தை யாரால் வந்தது என்ற சண்டையும் நமக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. தாத்தா வாங்கிக் கொடுத்த தேன்மிட்டாயால் என்றாய். ஆமாம், வாங்கிக் கொடுத்தேன், கேட்டாள், கொடுத்தேன். நீங்கள் தூங்கவைக்க வாயிலேயே விட்டுவைத்த பால்புட்டியையும் சேர்த்துக்கொள் என்றேன். சுகன்யாதான் நடுவில் வந்து, ‘மாமா, எல்லாருமா சேர்ந்துதான் கெடுத்தோம், இப்ப என்ன பண்றதுன்னு பாப்போம்’ என்றாள். உன் வீட்டில் புத்தியுள்ள ஆள் அவள்தான்.

நசரத்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாகக் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு பல் மருத்துவமனையைப் பார்த்து வைத்திருந்தாய். நானும் கூட வந்தேன். சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும். டாக்டரைக் குறை சொல்லமாட்டேன், நல்ல மனிதர்தான். ஆனால் வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அவருக்கு ஒரு குழந்தையோடு பேசிக்கொண்டிருக்க நேரம் ஏது? ஊசியைப் போட்டார், டிரில்லை எடுத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் இனியா வாயைப் பூட்டிக்கொண்டாள். ‘பேரன்ட்ஸ் கொஞ்சம் ஹோல்ட் பண்ணிக்கோங்க’ என்றார்கள். நர்ஸ் காலைப் பிடித்தாள், இன்னொருத்தி தலையைப் பிடித்தாள், நீ அவள் மேல் சாய்ந்து இரண்டு கையையும் நெஞ்சோடு அமுக்கினாய். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. ‘அப்பா, உடச் சொல்லுப்பா, அப்பா, உடச் சொல்லுப்பா’ என்று உன் முகத்தைப் பார்த்தே கத்தினாள். ஒரு பல்லைப் பாதி சுரண்டி, தற்காலிகமாக எதையோ வைத்து அடைத்து அனுப்பினார்கள். காருக்கு வந்ததும் நீ வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். நான் பின்சீட்டில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன்.

அன்றிலிருந்து பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பிரஷ்ஷைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். சோற்றைப் பிசைந்து முன்பல்லாலேயே கொறிக்கிறாள். பேசும்போது உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறாள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிற நாட்களில் அவள் ஆவடி சேக்காட்டில் எங்களோடுதானே இருக்கிறாள், பார்த்துக்கொண்டிருந்தது நானும் உன் அம்மாவும். நம் தெரு ஆட்டோக்காரர் கூட, ‘இன்னா சார், பாப்பா லொடலொடன்னு பேசிகினு வரும், இப்ப கம்முனு கீது?’ என்று கேட்டார். மருத்துவமனையில் கேட்டால், இந்தக் குழந்தை ஒத்துழைக்காது, மயக்கம் கொடுத்துத் தூங்கவைத்து நான்கையும் ஒரே மூச்சில் டிரில் போட்டு முடித்துவிடலாம் என்றார்கள். நீ அந்த இடத்திலேயே சரி என்றாய். வருகிற சனிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டு, அலுவலக வேலையாகப் புனேவுக்குப் போய்விட்டாய்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீ என்னைக் காட்டுமிராண்டி என்று திட்டக் கூடாது. மயக்க மருந்துக்கு நான் எதிரி இல்லை. உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள், கொடுக்காமல் எடுத்திருந்தால் நான் அந்த டாக்டரை அடித்திருப்பேன். வேண்டிய இடத்தில் அது வேண்டும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு வேண்டுமா என்று நீ கேட்டாயா? வேறு வழி என்னென்ன என்று கேட்டாயா? ஒரு கைப்பேசி வாங்க நான்கு நாள் இணையத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள் நீ. அதன் கேமரா, இதன் பேட்டரி என்று என் உயிரை வாங்கியிருக்கிறாய். பெற்ற பிள்ளையின் வாய்க்கு மட்டும் முதலில் சொன்னதையே கடைசி என்று எடுத்துக்கொண்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். ஆவடி ஃபாக்டரியில் லேத் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘ரிஜெக்ட்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள், அதுவும் எனக்குத் தெரியும், எனக்கு அதில் பெருமைதான். ஷிஃப்ட் தொடங்கி மெஷினை செட் பண்ணியதும் ஆபரேட்டர் ஒரே ஒரு பீஸ் போடுவான். அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பான். நான் அளந்து பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் மீதி ஓடும். அதுவரை மெஷின் நிற்க வேண்டும், ஃபோர்மேன் குதித்தாலும் நிற்க வேண்டும். முதல் பீஸைப் பார்க்காமல் மொத்தத்தையும் ஓட்டினால், தப்பு இருந்தால் மொத்தமும் தப்பு. இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, வேலை செய்கிற முறை. சென்னீர்குப்பத்தில் நீ ஃப்ளாட் வாங்கியபோதும் அதைத்தான் செய்தேன். சாவியை வாங்குவதற்கு முன்னால் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்தது. ‘அப்பா, பில்டர் முன்னாடி மானத்த வாங்காதீங்க’ என்று பல்லைக் கடித்தாய். நான் நகரவில்லை. தரையை உடைத்துத் திரும்பப் போட்டார்கள். இன்றைக்கு உன் மாடியில் மற்ற வீட்டுக்காரர்கள் கதவடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு குளிக்கிறார்கள். நீ மட்டும் நிம்மதியாகக் குளிக்கிறாய்.

நான்கு பல்லையும் ஒரே நாளில் என்றதும் எனக்கு அந்த முதல் பீஸ்தான் மனதில் ஓடியது. முதலில் ஒரு பல் செய்து பார்க்கலாமே, அதுவும் இருப்பதில் லேசான பல்லாக. புனேவுக்கு போன் போட்டு உன்னிடம் சொல்லத்தான் சொன்னேன். ‘அப்பா, மீட்டிங்ல இருக்கேன், சனிக்கிழமை எல்லாம் முடிஞ்சிரும், டென்ஷன் ஆகாதீங்க’ என்று வைத்துவிட்டாய். கேட்கவில்லை என்று குழுவில் எழுதியிருக்கிறாயே, கேட்டேனப்பா. உனக்குத்தான் காது வேறு இடத்தில் இருந்தது. அடுத்து சுகன்யாவிடம் சொன்னேன். அவள் ஒரு தோழிக்கு போன் போட்டு விசாரித்தாள். பிறகு, ‘மாமா, ஆவடி மார்க்கெட் பக்கத்துல ஒரு டாக்டர் இருக்காங்க, என் ஃப்ரெண்டு பையன் அங்கதான் போறான், நான் அரை நாள் லீவ் போடறேன்’ என்றாள். ஆக, கையெழுத்துப் போட்டவள் பெற்றவள். தூண்டிவிட்டவன் நான். தண்டனை ஏதாவது இருந்தால் எனக்குக் கொடு, அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

மருந்துக்கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போகிற சின்ன கிளினிக். டாக்டரம்மாவுக்கு உன்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும், பேச்சில் சேலத்துப் பக்கம் தெரிகிறது. முதல் நாள் அவர் இனியாவின் வாயைத் தொடவே இல்லை. அவள் பாட்டுக்கு நாற்காலியை ஏற்றி இறக்கி விளையாட விட்டுவிட்டு, நாங்கள் கொண்டுபோன எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தார். நான் என் கேள்விகளை ஆரம்பித்தேன். எத்தனை வழி இருக்கிறது, எதில் என்ன லாபம், எதில் என்ன நஷ்டம், நீங்கள் எதைச் செய்வீர்கள், ஏன். ‘சார் என்னங்க, ஆடிட்டா?’ என்றார். ‘இன்ஸ்பெக்‌ஷன்மா, அதைவிட மோசம்’ என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னார் பார், ஒளிவுமறைவு இல்லாமல்.

டிரில் என்றால் வேகம், சுத்தமாக வெட்டும். ஆனால் சத்தமும் அதிர்வும் உண்டு, பெரும்பாலும் ஊசி வேண்டும், கை கொஞ்சம் அதிகம் போனால் நல்ல பல்லும் சேர்ந்து போகும். சின்னக் கரண்டி மாதிரி ஒரு கருவி இருக்கிறது, அதை வைத்துக் கையாலேயே இளகிய சொத்தையைச் சுரண்டி எடுக்கலாம். சத்தமே கிடையாது, வலியும் குறைவு, ஆனால் நேரம் இழுக்கும். அந்தக் கரண்டிக்கு ஒத்தாசையாக ஒரு ஜெல் உண்டு. பப்பாளிச் சாற்றிலிருந்து எடுப்பதில் ஒரு வகை இருக்கிறதாம். குழியில் தடவிவிட்டுக் காத்திருந்தால் அழுகினதை மட்டும் இளக்கிக் கொடுக்கும், நல்ல பல்லைத் தொடாது. அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும், குழந்தை பொறுமையாக உட்கார வேண்டும். எதையுமே சுரண்டாமல் ஒரு வெள்ளி மருந்தைத் தொட்டு வைக்கிற முறையும் உண்டு. சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கறுத்துப்போகும், திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஸ்டீல் கேப். பல்லின் மேல் தொப்பி போட்டு இறுக்கி மூடிவிட்டால் உள்ளே மிச்சமிருக்கிற கிருமிக்கு இரை கிடைக்காது. பார்க்க ஸ்டீலாகத் தெரியும், ஆனால் பல் தானாக விழுகிற வரைக்கும் உழைக்கும். ‘இதுல எது பெஸ்ட்டுனு கேக்காதீங்க சார், எந்தப் பல்லு, எந்தக் குழந்தை, அதைப் பொறுத்துதாங்க’ என்றார். நான்கில் ஒரு பல்லில் சொத்தை நரம்புக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது, அதில் சீழ் கட்டினால் இந்தக் கரண்டியும் ஜெல்லும் போதாது, தூங்கவைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் நானே அனுப்பிவைப்பேன் என்றும் சொன்னார். தனக்குத் தெரிந்த வழிதான் ஒரே வழி என்று சொல்லாத ஆளைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இந்த இடத்தில் உன் பல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது, சின்ன வயதில், உனக்கும் ஒரு பின்பல் சொத்தை. விழப்போகிற பல்தானே என்று எல்லாரையும் போல நாங்களும் விட்டுவிட்டோம். வலி தாங்காமல் நீ சுவரில் தலையை முட்டிக்கொண்டபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த டாக்டர் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, வாய்க்குள் விரலை விட்டார், நீ கடித்தாய். கடி என்றால் சாதாரணக் கடி இல்லை, ரத்தம் வந்துவிட்டது. ‘இன்னா சார், புள்ளையா வளத்துகீற, இல்ல வேற எதுனாவா?’ என்று கம்பவுண்டர் என்னிடம் சண்டைக்கு வந்தான். ‘சொல்லாம கைய உட்டா கடிக்கத்தான் செய்வான்’ என்றேன். உன் அம்மா வெட்கத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த இடம் காலியாகக் கிடந்ததில் பக்கத்துப் பல் சாய்ந்து, அடுத்து முளைத்தது வழி தெரியாமல் மேலே ஏறிக்கொண்டது. அதனால்தான் உன் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் கூட நீ வாய் திறந்து சிரிக்கவில்லை. பால்பல் விழுகிற வரைக்கும் அந்த இடத்தைக் காவல் காக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இனி முதல் பல்லைச் செய்த நாளுக்கு வருகிறேன். லேசான சொத்தை உள்ள பல்லைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். இனியாவின் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, ‘உன் வாயி, நீயே பாரு. நிறுத்தணும்னா கையத் தூக்கு, நான் நிறுத்திருவேன்’ என்றார். அவள் உடனே கையைத் தூக்கினாள். அவர் உடனே கருவியைக் கீழே வைத்தார். கொஞ்சம் வாயைத் திறந்தாள், திரும்பத் தூக்கினாள், அவர் திரும்ப வைத்தார். சோதித்துப் பார்க்கிறாள் கழுதை! சொன்னபடி நிறுத்துகிறார் என்று தெரிந்ததும்தான் வாயை முழுசாகத் திறந்தாள். ஜெல்லை வைத்தார், காத்திருந்தார், அந்தச் சின்னக் கரண்டியால் ஓரமாகச் சுரண்டி எடுத்துப் பஞ்சில் துடைத்துத் துடைத்துக் காட்டினார். அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சுகன்யா அவள் காலடியில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

அப்போதுதான் உன் அப்பா தன் வேலையைக் காட்டினார். டாக்டரம்மா சுரண்டுவதை நிறுத்திவிட்டு, ஸ்டீல் கேப் போட்டு மூடப் போகிறேன் என்றார். நான் கைப்பேசி டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சுத்தமாக இருந்தது, குழியின் அடியில் மட்டும் பழுப்பாக ஒரு திட்டு. பணியில் இருந்த காலம் முழுக்க மறு உள்ள ஒரு பீஸைக் கூட நான் பாஸ் பண்ணியதில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. ‘அடியில இன்னும் இருக்கேம்மா, முழுசா எடுங்க, இப்படி விட்டா ரிஜெக்ட்’ என்று ஃபாக்டரியில் கத்துகிற தொண்டையில் சொல்லிவிட்டேன். இனியா டக்கென்று வாயை மூடிக்கொண்டாள். கண்ணாடி கீழே விழுந்தது. உள்ளங்கை பழையபடி வாய்க்குப் போய்விட்டது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, ‘இது இரும்பு இல்லீங்க சார், உயிருள்ள பல்லு. அடியில நரம்பு இருக்குது. ஓரத்தைச் சுத்தமா எடுத்துட்டு, நரம்பு மேல இருக்கிறதை வேணும்னேதான் விட்டிருக்கேன். காத்துப்போகாம மூடிட்டா அது அங்கயே அடங்கிரும். அதையும் தோண்டுனா நரம்பத் திறந்துருவேன். நீங்க வெளியில உக்காருங்க’ என்றார். வெளியே அனுப்பிவிட்டார். படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கீழே மார்க்கெட்டில் எவனோ தக்காளி விலையைக் கூவிக்கொண்டிருந்தான். உள்ளே அழுகைச் சத்தம் வருமா வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. சுகன்யா என்ன சொன்னாளோ, எப்படிச் சமாதானம் பண்ணினாளோ, கடைசியில் கதவு திறந்து இனியா வெளியே ஓடிவந்து வாயை ஆவென்று திறந்து, ‘தாத்தா, பளபளன்னு இருக்கு பாரு’ என்றாள். ஆக, முதல் பீஸ் பாஸாகும்போது இன்ஸ்பெக்டர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சிரிக்க வேண்டும் என்றால் சிரித்துக்கொள்.

அன்று ராத்திரி அவள் தானாகப் பிரஷ்ஷை எடுத்தாள். மறுநாள் பால்காரருக்கு வாயைத் திறந்து காட்டினாள், ஆட்டோக்காரருக்குக் காட்டினாள், எதிர்வீட்டு நாய்க்குக் கூடக் காட்டினாள். இதையெல்லாம் நீ பார்க்கவில்லை. நீ பார்த்தது ஒன்றே ஒன்று. இன்று மதியம் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே இங்கே வந்தாய். ‘அப்பா, இங்க பாரு’ என்று ஓடிவந்து வாயைத் திறந்தாள். ‘என்னடா இது, ஸ்டீலா, யாரு பண்ணச் சொன்னா, இதக் கழட்டு’ என்று வாசலிலிருந்தே கத்தினாய். அவள் கை மறுபடியும் வாய்க்குப் போனதை நீ பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய், என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி பண்ணுவார்களாம், படத்தில் அசிங்கமாகத் தெரியுமாம். பின்பல்லடா அது! கொட்டாவி விட்டால்தான் தெரியும். பத்து பதினொரு வயதில் பல்லோடு சேர்ந்து விழுந்துவிடும். கேலி பண்ணுகிறவன் பண்ணட்டும், அவளுக்கு வாய் இருக்கிறது, பதில் சொல்லிக்கொள்வாள். கழட்டச் சொல்லி எவனாவது அவள் வாயில் கைவைத்தால் நான் விடமாட்டேன், அது நீயாக இருந்தாலும்.

நீ கெட்ட அப்பன் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குக் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அழுதாய். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இன்னொரு முறை அவளை அப்படி அமுக்கிப் பிடிக்க உன்னால் முடியாது. தூங்கவைத்துவிட்டால் அவள் கத்தமாட்டாள், உன்னைப் பார்த்துக் கெஞ்சமாட்டாள், நீ வெளியே உட்கார்ந்திருக்கலாம். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னாய். எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பார். தூங்கவைத்தால் பல் சரியாகும், பயம் சரியாகுமா? வேறு வழியே இல்லாத பிள்ளைக்கு அது சரி. இவள்தான் இப்போது வாயைத் திறக்கிறாளே. நாளைக்கே ஜெர்மனியில் புதுப்பல் முளைக்கும்போது, மொழி தெரியாத ஒரு டாக்டர் வாயைத் திற என்று சைகை காட்டினால் இவள் என்ன செய்வாள்? அங்கே தாத்தா இல்லை, சேலத்துப் பேச்சு டாக்டரம்மா இல்லை. வாயைத் திறந்தால் ஒன்றும் ஆகாது, கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள் என்ற தைரியம் ஒன்றைத்தான் அவள் பெட்டியில் வைக்காமல் கொண்டுபோக முடியும். மீதி மூன்று பல்லில் அதை அவளுக்குக் கொடுத்து அனுப்பலாம் என்கிறேன். அந்தக் கடைசிப் பல் முரண்டு பிடித்தால் தூங்கவைத்தே செய்யட்டும், அதற்கும் டாக்டரம்மாவே எழுதிக் கொடுப்பார். சனிக்கிழமை நாளை ரத்து பண்ணு. இதை நான் கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீ கோபித்துக்கொண்டு சென்னீர்குப்பத்துக்கு வண்டியைத் திருப்பிய பிறகு இனியா ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘வியாழக்கிழமை அடுத்த பல்லு, நாம போலாமா’ என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். உடனே, ‘நீ வேணாம் தாத்தா’ என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ‘ஏன்டா?’ என்றேன். ‘நீ டாக்டர்கிட்ட சண்ட போடற. அப்பா வரட்டும்.’ விட்டேனா நான், எனக்கும் ரோஷம் இருக்கிறதே. ‘அப்பாதானடா அன்னிக்கு உன்ன அமுக்கிப் பிடிச்சாரு’ என்று கேட்டேவிட்டேன். அந்தக் குழந்தை வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னிடம் சொல்கிறது: ‘அப்பாக்கு எப்பிடிப் புடிக்கறதுன்னு தெரியல தாத்தா. நான் சொல்லித் தரேன்.’

ஓடியாடி டாக்டரைத் தேடியது நான். கேள்வி கேட்டது நான். குழுவில் திட்டு வாங்கியது நான். அவள் கேட்பது உன்னை. எனக்கு வயிற்றெரிச்சல்தான், அதையும் எல்லார் முன்னாலும் எழுதிவிடுகிறேன், உன் அத்தை இதற்கும் ஒரு முகம் போடட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, மருந்துக்கடைக்கு மேலே மாடி. நேரத்துக்குப் போ. டாக்டரம்மாவிடம் எதுவும் பேசாதே. இனியா நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் பக்கத்தில் நில். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்வாள், அப்படிப் பிடி.

அப்பா